களி தின்றவர்களும் ஒரு பவுண்டு தானியமும்

(ஒலிப்பதிவைப் படிக்க வசதியாகச் சற்றே திருத்தி எழுத்தாக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன அத்தியாயத்துக்கு அப்புறம் வந்த செய்திகள்ல ஒண்ணு நம்ம கடத்தூர்ல இருந்தே வந்தது. அனுப்பினவர் ஒரு தம்பி, காவலர் தேர்வுக்குத் தயாராகிட்டு இருக்கார். 1500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள்ள ஓடி முடிக்கணும். விடியற்காலையில ரோட்டுல ஓடுறார், மத்த நேரம் கூலி வேலைக்குப் போறார். ஜிம்முல டப்பா பவுடர் வாங்கச் சொல்றாங்களாம். வீட்டுல அம்மா ராகிக் களியைக் கிண்டி வைக்கிறாங்களாம். "அண்ணா, எங்க தாத்தா களி தின்னுட்டுத்தான் ஏர் ஓட்டினார், கிணறு வெட்டினார். நானும் களி தின்னுட்டு ஓடினா போதுமா?" இதுதான் கேள்வி.

நான் மருத்துவர் இல்லை, பழைய காகிதங்களைப் படிக்கிறவன். ஆனா இந்தக் கேள்வி நம்ம மண்ணுக்குப் புதுசு கிடையாது. 1877-ல இதே பகுதியில, உடம்பை வளைச்சு வேலை செய்யற ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தானியம் இருந்தா போதும்னு அரசாங்கத்துக்குள்ளேயே பெரிய சண்டை நடந்தது. அந்தச் சண்டையைச் சொல்லிட்டு அப்புறம் தம்பிக்கு வர்றேன்.

முதல்ல ஒரு விஷயம். பழைய ஆவணங்கள்ல 'தர்மபுரி மாவட்டம்'னு தேடினா ஒண்ணும் கிடைக்காது. 1965 அக்டோபர் 2-ம் தேதிதான் தர்மபுரி தனி மாவட்டம் ஆச்சு. அதுக்கு முன்னாடி எல்லாம் சேலம் ஜில்லா. அதுக்கும் முன்னாடி பாராமகால். 1792-ல திப்பு சுல்தானோட செஞ்ச உடன்படிக்கையில கம்பெனி கைக்கு வந்த பகுதி இது. அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் இங்கே காடு காடாகச் சுத்தி நிலத்தை அளந்து வரி போட்டார்கள். மேட்டுக்காடு, செம்மண், மழையை நம்பின புன்செய். ஏரி, கிணறு இருக்கிற இடத்துல கொஞ்சம் நெல். மத்தபடி ராகி, சாமை, கம்பு, சோளம், கொள்ளு.

ராகியை நம்ம பக்கம் பெரியவங்க 'கேவுரு'ன்னு சொல்வாங்க. புத்தகத்துல கேழ்வரகு. 'நம்ம பாரம்பரிய தானியம்'னு இன்னிக்குப் பாக்கெட்டுல அச்சடிக்கிறாங்க. ஆனா அந்தப் பயிரோட பூர்வீகம் ஆப்பிரிக்கா, எத்தியோப்பியா - உகாண்டா பக்கத்து மேட்டுநிலங்கள். கடல் தாண்டி வந்து பல நூற்றாண்டுகளா இங்கேயே ஊறிப் போச்சு. திருப்பத்தூர் பக்கம் பையம்பள்ளியில 1960-கள்ல தொல்லியல் துறை தோண்டினப்போ புதிய கற்கால மண்ணுல கொள்ளு, பச்சைப்பயறு, ராகி எல்லாம் கிடைச்சதா பதிவு பண்ணினாங்க. தென்னிந்தியாவுல இவ்வளவு பழைய ராகின்னு சொல்லப்படறது எல்லாம் உண்மையில ராகிதானான்னு தாவரத் தொல்லியல் படிச்சவங்க சிலர் பிற்பாடு சந்தேகம் கிளப்பினாங்க. கொள்ளு விஷயத்துல அப்படி எந்தத் தகராறும் இல்லை. அது இந்தத் தக்காணத்து மண்ணுலயே மனுஷன் பழக்கின பயறு. பூர்வீகப் பெருமை பேசணும்னா ராகியை விட்டுட்டுக் கொள்ளைத்தான் பேசணும். அதுக்கு யாரும் விளம்பரம் போடறதில்லை, குதிரைத் தீனின்னு பேர் வாங்கிடுச்சு பாவம்.

இந்த ரெண்டையும் சேர்த்துச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. பழைய ராகிக் காட்டைப் பார்த்தவங்களுக்குத் தெரியும், அதுல ராகி மட்டும் இருக்காது. சில சாலுக்கு ஒரு சால் அவரை போட்டிருப்பாங்க. ஓரத்துல துவரையோ ஆமணக்கோ நிக்கும். ராகி அறுத்த பிறகும் அவரைக்கொடி காய்ச்சுக்கிட்டே இருக்கும். அடுத்த காட்டுல கொள்ளு. அந்தக் காட்டுல என்ன விளைஞ்சதோ அதுதான் தட்டுலயும் வந்தது. களிக்கு அவரைக்கொட்டைக் குழம்பு, கொள்ளுக் கடைசல், கீரைக் கடைசல். கூழுக்கு மோர், சின்ன வெங்காயம், மிளகாய். கிடைச்ச அன்னிக்குக் கருவாடு. களியை வெறுமனே உருட்டித் தின்னவங்க யாரும் கிடையாது. வழியில்லாதவங்கதான் அப்படித் தின்னாங்க, அதை அவங்க வறுமைன்னுதான் சொன்னாங்க.

இப்போ ஜெயிலுக்குப் போவோம். 'களி திங்கப் போறான்'னா ஜெயிலுக்குப் போறான்னு அர்த்தம், எல்லாருக்கும் தெரியும். அந்தப் பேச்சுக்குப் பின்னால ஒரு அரசாங்கக் காகிதம் இருக்கு. டபிள்யூ. ஆர். கார்னிஷ்னு ஒரு மருத்துவ அதிகாரி, 1863-ல மெட்ராஸ் மாகாணத்து மக்கள் என்ன சாப்பிடறாங்க, ஜில்லா சிறைகள்ல கைதிகளுக்கு என்ன கொடுக்கணும்னு அறிக்கைகளைத் தொகுத்து வெளியிட்டார். கைதிக்குச் சோறு போட்டா அரசாங்கத்துக்குச் செலவு. குறைச்சா கைதி சாகிறான், அது அதைவிடச் சங்கடம். அதனால உழைக்கிற உடம்புக்கு எவ்வளவு வேணும்னு யாராவது கணக்குப் பார்த்தே ஆகணும். உழைப்பாளி வீட்டு ராகியும் பருப்பும் அப்படித்தான் அரசாங்க அட்டவணையில ஏறிச்சு. இழிவாச் சொல்ற 'ஜெயில் களி' ஒரு விதத்துல அளந்து பார்த்துக் கொடுத்த சாப்பாடு. ஊர்ல கூலிக்காரன் தட்டை அப்படி யாரும் அளந்து பார்க்கலை.

1876-ல மழை பொய்த்தது. அதைத் தொடர்ந்த பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம்னு நம்ம பக்கம் இன்னிக்கும் சொல்றாங்க. சேலம் ஜில்லா மிக மோசமா அடிபட்ட ஜில்லாக்கள்ல ஒண்ணு. 1871 கணக்கெடுப்புல ஜில்லாவோட ஜனத்தொகை ஏறக்குறைய 19 லட்சத்து 67 ஆயிரம். 1881-ல சுமார் 16 லட்சம். பத்து வருஷத்துல ஏறியிருக்க வேண்டிய எண்ணிக்கை மூணரை லட்சத்துக்கும் மேல இறங்கிப் போச்சு. ஊரை விட்டுப் போனவங்களும் இதுல உண்டு. செத்தவங்கதான் அதிகம்.

பஞ்ச நிவாரணம்னா சும்மா கஞ்சி ஊத்துறது மட்டும் இல்லை. உடம்புல தெம்பு இருக்கிறவங்க ரோடு போடணும், கல் உடைக்கணும், ஏரி வெட்டணும். அதுக்குக் கூலி. வைஸ்ராய் லிட்டன் பிரபு, ரிச்சர்ட் டெம்பிள்ங்கிற அதிகாரியை மெட்ராசுக்கு அனுப்பி வைத்தார். இந்த டெம்பிள் அதுக்கு மூணு வருஷம் முன்னாடி, 1874-ல, பீகார்ல பஞ்சம் வந்தப்போ பர்மாவுல இருந்து அரிசி வரவழைச்சு ஏராளமான பேரைக் காப்பாத்தினவர். 'ரொம்பச் செலவு பண்ணிட்டார்'னு அதுக்காகத் திட்டு வாங்கினவர். இந்தத் தடவை அப்படித் திட்டு வாங்கக் கூடாதுன்னு வந்த மாதிரிதான் தெரியுது. 1877 ஜனவரியில அவர் வகுத்த கூலி, ஒரு ஆம்பளைக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், கூட ஒரு அணா. பவுண்டுன்னா நம்ம கணக்குல 450 கிராம். பொம்பளைக்கும் வேலை செய்யற பிள்ளைக்கும் இன்னும் கொஞ்சம் குறைவு.

இதை எதிர்த்து நின்னவர் அதே கார்னிஷ். அப்போ அவர் மாகாணத்தோட சுகாதார ஆணையர். வெயில்ல கல் உடைக்கிறவனுக்குக் குறைஞ்சது ஒன்றரை பவுண்டு தானியம் வேணும், அது மட்டும் போதாது, பருப்பும் காய்கறியும் சேரணும்னு அவர் வாதாடினார். டெம்பிள் கேட்டது, உயிர் தங்க எவ்வளவு போதும். கார்னிஷ் கேட்டது, வேலை செய்யற உடம்பு தேயாம இருக்க எவ்வளவு வேணும்.

இன்னிக்குக் கணக்கை வச்சுப் பார்க்கலாம். 450 கிராம் ராகியில சுமார் 1450 கலோரி. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தோட 2020 பரிந்துரைப்படி, 65 கிலோ எடையுள்ள ஒரு ஆம்பளை கடும் உழைப்பு செஞ்சா ஒரு நாளைக்குத் தேவை 3470 கலோரி. சும்மா உட்கார்ந்திருந்தாலே 2110. அன்னிக்கு நம்ம ஆளுங்க எடை 65 கிலோ இருந்திருக்காது, அந்த ஒரு அணாவுல இன்னும் கொஞ்சம் வாங்கியிருக்கலாம். எல்லாத்தையும் தள்ளிப் பார்த்தாலும் இது உட்கார்ந்திருக்கிறவனுக்கே பத்தாத சாப்பாடு. அதைக் கொடுத்துட்டுக் கல் உடைக்கச் சொன்னாங்க.

மார்ச் மாசம் மெட்ராஸ் அரசாங்கம் பாதி வழி இறங்கி வந்தது. தானியத்தைச் சுமார் 570 கிராமா உயர்த்தி, கூடவே பருப்பும் சேர்த்தாங்க. அந்தப் பருப்புதான் எனக்கு முக்கியமாப் படுது. தானியத்தை எடை போட்டா சாப்பாட்டை எடை போட்டதா ஆகாதுன்னு சர்க்கார் காகிதத்துல ஒத்துக்கிட்டது அங்கேதான். நம்ம காட்டுல ராகிக்கு நடுவுல அவரை விதைச்சவங்களுக்கு அது முன்னாடியே தெரியும்.

பஞ்சத்தோட நினைவு இங்கே தண்டவாளமாவும் இருந்தது. பக்கத்து மொரப்பூர்ல இருந்து தர்மபுரிக்கு 1906-ல ஒரு குறுகிய ரயில் பாதை போட்டாங்க. பஞ்சம் வந்தா தானியம் கொண்டு போகத்தான் அந்தப் பாதை. அப்புறம் ஓசூர் வரைக்கும் நீட்டினாங்க. ரெண்டாம் உலகப் போர் சமயத்துல, 1941-ல, மூடிட்டாங்க. மொரப்பூர் - தர்மபுரி ரயில் வேணும்னு இன்னிக்கும் நம்ம ஊர்ல பேசறாங்களே, அது புதுசாக் கேக்கிறது இல்லை, இருந்ததைத் திருப்பிக் கேக்கிறது.

அடுத்து குன்னூர். 1918-ல ராபர்ட் மெக்கரிசன் அங்கே பாஸ்டர் நிலையத்துல ஒரே ஒரு அறையில பெரிபெரி நோய் ஆராய்ச்சி ஆரம்பிச்சார். மெஷின்ல தீட்டின வெள்ளை அரிசியை மட்டும் நம்பினவங்களுக்கு வந்த நோய் அது. அந்த ஒரு அறைதான் வளர்ந்து, 1958-ல ஹைதராபாத்துக்கு மாறி, இன்னிக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமா இருக்கு.

மெக்கரிசன் எலிகளை வச்சு ஒரு சோதனை செஞ்சார். சீக்கியர் சாப்பாடு, பட்டாணியர் சாப்பாடு, மராட்டியர் சாப்பாடுன்னு ஒவ்வொரு எலிக்கூட்டத்துக்கும் ஒவ்வொண்ணு. கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி தின்ன சீக்கிய எலிதான் கொழுகொழுன்னு வளர்ந்தது. கடைசி இடம் 'மெட்ராஸ்' எலிக்கு. உலகம் பூரா இதை மேற்கோள் காட்டினாங்க. ஆனா அந்த 'மெட்ராஸ் சாப்பாடு' அரிசிச் சாப்பாடு. மெட்ராஸ் மாகாணத்துலதான் சேலம் ஜில்லாவும் இருந்தது, இங்கே மேட்டுக்காட்டு ஜனம் அரிசியைப் பொங்கலுக்கும் விருந்துக்கும்தான் பார்த்தது. ஒரு மாகாணத்துக்கு ஒரு தட்டுன்னு முடிவு பண்ணினதுல நம்ம தட்டு விட்டுப் போச்சு. மெக்கரிசனுக்குப் பின்னால வந்த அய்க்ராய்ட் 1937-ல இந்திய உணவுகளோட சத்து அட்டவணையை வெளியிட்டார். இன்னிக்கு நாம 'ராகியில கால்சியம் அதிகம்'னு சொல்றதுக்கு ஆதாரமா இருக்கிறது அந்த வழியில வந்த அட்டவணைகள்தான்.

சரி, எண்ணைச் சொல்லிடறேன். 2017 அட்டவணைப்படி 100 கிராம் ராகியில கால்சியம் 364 மில்லிகிராம். தீட்டின அரிசியில பத்துக்கும் கீழே. நார்ச்சத்து ராகியில 11 கிராம். புரதம் மட்டும் 7 கிராம்தான், அரிசியை விடக்கூடச் சற்றுக் குறைவு. இதை யாரும் டப்பாவுல பெருசாப் போடறதில்லை. கொள்ளுல புரதம் 100 கிராமுக்கு 22 கிராம். தானியத்துல லைசின்ங்கிற அமினோ அமிலம் குறைவு, அவரை, கொள்ளு மாதிரி பயறுல அது நிறைய. பயறுல குறையறதைத் தானியம் ஈடு கட்டுது. இன்னொண்ணு, ராகியில இருக்கிற ஃபைட்டேட், டானின் ரெண்டும் சத்தை முழுசா உடம்புல சேர விடாது. முளைகட்டினாலும் புளிக்க வச்சாலும் அந்தத் தடை குறையும். முந்தின நாளே கரைச்சுப் புளிக்க வச்ச கூழுக்கு அப்படி ஒரு வேலை இருந்தது. மண் சட்டியில அதைக் கரைச்சு வச்ச பாட்டிக்கு ஃபைட்டேட்ன்னா என்னன்னு தெரியாது. கூழ் புளிக்கலைன்னா வயிறு கேக்காதுன்னு தெரியும்.

அப்படிப்பட்ட சாப்பாட்டை ஏன் விட்டோம்? 'ரேஷன் அரிசி வந்து கெடுத்துடுச்சு'ன்னு சொல்றது சுலபம். எனக்கு அதுல உடன்பாடு இல்லை. தாது வருஷத்துல மூணரை லட்சம் பேர் குறைஞ்ச ஜில்லா இது. அட்டைக்கு அரிசி வந்ததாலதான் பசின்னு யாரும் சாகலைங்கிற நிலை வந்தது. அப்புறம், ராகியை மாவாக்கறது யார் வேலை? விடியறதுக்கு முன்னாடி எழுந்து திருகையில அரைச்ச பொம்பளைங்க வேலை. காட்டுல களை எடுத்து, கதிர் அறுத்து, அடிச்சு, புடைச்சு, அப்புறம் வீட்டுல அரைச்சு, கொதிக்கிற பானையைக் காலால அணைச்சுக்கிட்டுத் துடுப்பால களி கிண்டறதும் அவங்கதான். அரிசி அப்படி இல்லை, உலையில போட்டா வெந்துடும். எங்க பாட்டி, "அரிசி வந்தப்புறம்தான் எனக்குத் தோள்வலி விட்டுச்சு"ன்னு சொல்லும். 'அந்தக் காலத்துச் சாப்பாடு' பேசற ஆம்பளைங்க பேச்சுல இந்தத் தோள்வலி வர்றதே இல்லை.

காடும் மாறிச்சு. மரவள்ளிக்குச் சேலம் ஜவ்வரிசி ஆலைகள் காசு கொடுத்தது. கோபாலபுரத்துல கூட்டுறவு சர்க்கரை ஆலை வந்ததும் தண்ணி இருக்கிறவங்க கரும்புக்குப் போனாங்க. பருத்தி, மஞ்சள், நம்ம ஊர் வெற்றிலை, எல்லாம் சந்தைக்குப் போய்ப் பணமாகிற பயிர். ராகி வீட்டுக்குப் போற பயிர். பிள்ளை படிப்புக்குப் பணம்தான் வேணும்.

இப்போ தம்பிக்கு. உங்க எடை 60 கிலோன்னு வச்சுக்குவோம். சாதாரண ஆளுக்கு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம், அதாவது நாளைக்கு 50 கிராம். பயிற்சி எடுக்கிறவங்களுக்கு 1.2 கிராமுல இருந்து மேல சொல்றாங்க, அப்போ 72 கிராமாவது வேணும். 200 கிராம் ராகி மாவுக் களியில 14 கிராம் புரதம் கிடைக்கும். கால்சியம் 700 மில்லிகிராமுக்கு மேல, ஒரு நாள் தேவையான 1000-ல பெரும்பகுதி அதுலயே வந்துடும். ஆனா புரதத்துக்குக் களி மட்டும் போதாது. 50 கிராம் கொள்ளு கடைஞ்சா 11 கிராம். ஒரு பெரிய கைப்பிடி வேர்க்கடலை, 50 கிராம்னா 12 கிராம். ரெண்டு முட்டை 12 கிராம். இதுவே 49 ஆச்சு. மதியச் சோறு, பருப்பு, மோர், ராத்திரி அவரைக்கொட்டைக் குழம்பு சேர்ந்தா 72-ஐத் தொட்டுடலாம். சந்தையில விலை விசாரிச்சு, ஒரு டப்பா பவுடர் விலையோட ஒப்பிட்டு நீங்களே பாருங்க. 2024-ல தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலும் புரதப் பவுடரைத் தவிர்க்கத்தான் சொல்லுது.

ஓடறதுக்கு முன்னாடி களி வேண்டாம், நார்ச்சத்து வயித்துல கல்லு மாதிரி நிக்கும். ஓடி முடிச்சு வந்து சாப்பிடுங்க. உங்க தாத்தாவும் விடியற்காலையில நீராகாரம் குடிச்சுட்டுத்தான் ஏர் பூட்டியிருப்பார், களி காட்டுக்கு அப்புறம் வந்திருக்கும். வீட்டுல சர்க்கரை நோய் இருக்கிறவங்க 'ராகிதானே'ன்னு அளவில்லாமக் கூழ் குடிக்க வேண்டாம். மாவாகக் கரைச்ச கூழும் ரத்தத்துல சர்க்கரையை ஏத்தும். அவங்க மருத்துவரைக் கேட்டுக்கணும்.

டப்பாவுல 'ராகி - சூப்பர் உணவு'ன்னு அச்சடிக்கிறவங்களைப் பார்த்தா எனக்கு டெம்பிள் ஞாபகம் வருது. அவர் சாப்பாட்டை ஒரு பவுண்டு தானியமாக் குறைச்சார், இவங்க ஒரே தானியமாக் குறைக்கிறாங்க. ரெண்டு பேருமே அவரைச் சாலைப் பார்க்கலை.

கடைசியா ஒரு தகவல். 2023-ல, ஐ.நா. சிறுதானிய ஆண்டு கொண்டாடினப்போ, தமிழ்நாட்டுல நீலகிரியிலயும் தர்மபுரியிலயும் ரேஷன் அட்டைக்கு 2 கிலோ அரிசிக்குப் பதிலா 2 கிலோ ராகி கொடுக்க ஆரம்பிச்சாங்க. அதுக்கு ராகி வேணும்னு அரசாங்கமே நம்ம மாவட்டத்துல நேரடியாக் கொள்முதல் பண்ண இறங்கிச்சு. 2022-23-ல குவிண்டாலுக்கு ஆதார விலை 3,578 ரூபாய். 2025-26-க்கு 4,886. மரவள்ளிக்காரர் இந்த விலையைப் பார்த்து மனசு மாறுவாரான்னு காட்டுலதான் பார்க்கணும். திருகைக்குப் பதிலா மாவு மெஷின் இருக்கிறதால பாட்டி தோள்வலிக்கு இப்போ ஒரு பதில் உண்டு. கொள்முதல்ல கொள்ளும் அவரையும் இன்னும் சேரலை, அதை யாராவது கேட்டா நல்லது.

அடுத்த அத்தியாயம் மரவள்ளி பத்தி. அது எப்படி இந்தப் பக்கம் வந்து ஜவ்வரிசியா மாறிச்சுன்னு பேசலாம். உங்க வீட்டுல பழைய திருகையோ களித்துடுப்போ இருந்தா படம் எடுத்து அனுப்புங்க.